தலையணை உப்பு

எங்கள் ஊரில் உப்பு முதன்முதலில் பூத்தது கல்யாணச் சமையல்காரர் அணஞ்சபெருமாளின் தலையணையில்தான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். எந்தக் கிழமை என்பதில்தான் தகராறு. அன்று காலையில் அவர் எழுந்து பல் தேய்த்து, சம்பந்தி விருந்துக்குச் சொதி வைக்கப் போன இடத்தில், தேங்காய்ப்பால் அண்டாவின் முன்னால் கரண்டியும் கையுமாக நின்று, அடுத்து என்ன போடுவது என்று தெரியாமல் விழித்தார். ஆயுசு முழுக்கச் சொதி வைத்த கை அது. அதே நேரத்தில் வீட்டில் படுக்கையைச் சுருட்டிய அவருடைய மருமகள் பிச்சம்மாள், தலையணையில் காது படிகிற குழியில் ஒரு கை அளவு கல்லுப்பு வெள்ளைவெளேரென்று கிடப்பதைப் பார்த்தாள். எங்கிருந்து வந்தது, எப்படி வந்தது என்று யோசித்து நேரத்தை வீணாக்குகிறவள் இல்லை அவள். உப்பைச் சிந்தினால் வீட்டு லட்சுமி போய்விடுவாள் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். வழித்தெடுத்து அன்றைய ரசத்தில் போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது அவளுக்குச் சொதி தெரிந்திருந்தது. ஊர் முழுக்கச் சாப்பிட எத்தனை தேங்காய், முதல் பாலை எப்போது ஊற்றுவது, இஞ்சிச் சாறு எந்தச் சூட்டில் இறங்க வேண்டும், எல்லாம் தெரிந்தது. கூடவே, மாமனார் வாலிபத்தில் கல்லிடைக்குறிச்சிக் கல்யாணம் ஒன்றில் பந்தியில் உட்கார்ந்திருந்த பச்சைத் தாவணிப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே சொதிக்கு இரண்டு தடவை உப்புப் போட்டதும் தெரிந்தது. மாமியாரிடம் அவள் இதைச் சொல்லவில்லை. நல்ல மனசுக்காரி.

அதன் பிறகு கீழத்தெருவிலும் மேலத்தெருவிலும், வயதானவர்கள் எதையாவது மறக்கிற காலையில் தலையணையில் உப்பு இருந்தது. சின்ன மறதிக்குச் சிட்டிகை, பெரிய மறதிக்கு உள்ளங்கை கொள்ளாமல். அதைச் சோற்றில் போட்டுச் சாப்பிட்டவர்களுக்கு அந்த ஞாபகம் வந்து சேர்ந்தது. மறந்தவர்களுக்கே அதை ஊட்டிப் பார்த்தார்கள், பிரயோசனமில்லை, அவர்களுக்கு அது வெறும் உப்பாகக் கரித்தது. ஊர் ஒரு மாதம்போல வாயைப் பிளந்துகொண்டிருந்தது, அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. விளக்கு வைத்த பிறகு உப்பு கடன் கொடுக்காத வீடுகள் பட்டப்பகலிலும் கொடுப்பதை நிறுத்தின. தலையணை உறையை வெளுக்கப் போடுவதற்கு முன்னால் முறத்தில் உதறுவது வழக்கமானது. பெண் பார்க்க வந்தவர்கள், தாத்தா ஆச்சியின் உப்பு ஒரு சிட்டிகை கிடைக்குமா, குடும்பம் எப்படி என்று தெரிந்துகொள்ளலாம் என்று நாசூக்காகக் கேட்டார்கள். அப்பாவின் உப்பைச் சாப்பிட்டுத் தென்காசியில் தனக்கு இன்னொரு தம்பி இருப்பதைத் தெரிந்துகொண்ட ஒருவர், கோபத்தோடு பஸ் ஏறிப் போய், தம்பியின் முகஜாடையைப் பார்த்துவிட்டு, பலகாரம் வாங்கிக்கொடுத்துத் திரும்பி வந்தார். ரத்தக்கொதிப்புக்காரர்களிடம் டாக்டர், அடுத்தவர் ஞாபகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னார். பக்தி மிகுந்த சிலர் மட்டும், வியாதி கரையட்டும் என்று வேண்டிக்கொண்டு, வழக்கப்படி உப்பை அம்மன் கோயில் தெப்பக்குளத்தில் கரைத்தார்கள். அந்த ஞாபகங்கள் யாருக்கும் கிடைக்கவில்லை. மீன்களுக்குக் கிடைத்திருக்கலாம், படித்துறையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில மீன்கள் வரத்தான் செய்கின்றன.

இதற்கெல்லாம் காரணம் கண்டுபிடிக்க வேண்டியவள் எங்கள் ஊர்க்காரியே. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பர் ஆறுமுகநயினாரின் மூத்த மகள் சண்முகவடிவு பெங்களூரில் பெரிய விஞ்ஞானி. மூளை ஏன் வயதாகிறது, சிலருடைய மூளை மட்டும் ஏன் சீக்கிரம் வயதாகிறது, அப்பன் பாட்டன் வழியாக வருகிற எந்த விதை அதைச் செய்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முதலில் புழுக்களை வைத்து, பிறகு மீன்களை வைத்து, பிறகு எலிகளை வைத்து, கடைசியில் எங்களை வைத்து. எங்களில் அறுபதைத் தாண்டியதும் மறக்கத் தொடங்குகிறவர்கள் அதிகம். மாமனைக் கட்டுவதும் அத்தை மகளைக் கட்டுவதுமாக, இரண்டு தெருவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சம்பந்தம் செய்ததில் அந்த விதை வெளியே போக வழியில்லாமல் எங்களுக்குள்ளேயே தங்கிவிட்டது என்றாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஊசியோடு வருவாள், ரத்தம் எடுப்பாள், சொந்தத்தில் கட்டாதீர்கள் என்பாள். நாங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த முகூர்த்தத்தில் சொந்தத்திலேயே கட்டினோம்.

அவளே அப்படிக் கட்டியிருக்க வேண்டியவள்தான். தாயில்லாத பிள்ளைகள் இரண்டு, சண்முகவடிவும் தங்கை உலகம்மாளும். மூத்தவளுக்குத் தாய்மாமன் வேலாண்டி என்பது அவள் பிறந்தன்றே முடிவானது. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட இருந்த சமயத்தில் மெட்ராஸ் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னாள், மாமனைக் கட்டிக்க மாட்டேன் என்றும் சொன்னாள். ஆறுமுகநயினார் மறுநாள் காலையில் வழக்கம்போலக் காக்கிச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

எங்கள் பஸ் ஸ்டாண்டில் அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டியும் நகராது, அவர் ஊதிய பிறகு ஒரு வண்டியும் நிற்காது. கலெக்டர் ஏற வேண்டியிருந்தபோதும் வண்டியை நேரத்துக்கு அனுப்பியவர், சொந்தச் சம்சாரத்தின் பிணத்தை எடுக்க வெளியூரிலிருந்து ஆள் வரவேண்டியிருந்த அன்றும் அப்படித்தான். ஊரில் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவர்கள் அவருடைய விசிலைக் கேட்டுத்தான் கொடுத்தார்கள். அந்த ஸ்டாண்டில்தான் சண்முகவடிவு தகரப்பெட்டியோடு வந்து திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா பஸ்ஸுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு தடவை திரும்புவார் என்று பார்த்தாள். திரும்பவில்லை. மெட்ராஸ் ரயில் போய்விடுமே என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவித்து, கண்டக்டரைக் கேட்டு, அவர் தலையைச் சொறிந்து, ஒருவழியாக விசில் கேட்டு, வண்டி நகர்ந்து ஸ்டாண்டைத் தாண்டியபோதும் அவள் கண்ணில் பட்டது அந்த முதுகுதான். ஜங்ஷனில் ஓடிப்போய்த்தான் ரயிலைப் பிடித்தாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு கடுதாசி போடலாம் என்று கார்டு வாங்கினாள், அந்த முதுகு ஞாபகம் வந்தது, போடவில்லை.

அக்கா வேண்டாம் என்ற மாமனை உலகம்மாள் கட்டிக்கொண்டாள், குறையில்லாமல் வாழ்ந்தாள். சண்முகவடிவு லீவுக்கு வந்தால் ஆறுமுகநயினார் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று உலகம்மாளிடம் சொல்வார், அவ்வளவுதான். தான் ஊரைவிட்டுப் போன அன்று அந்த மனுஷன் மனசில் என்ன ஓடியது, வெறுத்துத்தான் திரும்பாமல் நின்றாரா என்பது அவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. புழுவிலும் எலியிலும் எதை எதையோ தேடியவள் இதைக் கேட்க வாயெடுக்கவில்லை. கேட்கலாம், அடுத்த லீவில் கேட்கலாம் என்று இருந்ததில் வருஷங்கள் போய்விட்டன.

ஆறுமுகநயினாருக்கு மறதி வந்தபோது முதலில் பஸ்கள்தான் போயின. சங்கரன்கோயில் வண்டி, ஆலங்குளம் வண்டி, கடையம் வழி, புளியங்குடி வழி என்று ஒவ்வொன்றாக உப்பாகித் தலையணையில் கிடந்தன. அதைச் சாப்பிட்ட வேலாண்டி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே எழுந்து நின்று, எப்போதோ நின்றுபோன கம்பெனி வண்டிகளுக்கெல்லாம் நேரம் சொன்னார். பிறகு ஒருநாள் காலையில் உலகம்மாள் பெங்களூருக்குப் போன் போட்டாள்.

“அக்கா, அப்பா ஒன் பஸ்ஸ மறந்துட்டாவ.”

“எப்படிட்டி தெரியும்?”

“மெட்ராஸ்ல படிக்கப் போன மூத்த பொண்ணுன்னு சொன்னேன். எனக்கு ஒத்தப் பிள்ளைதானே, நீதானேங்காவ. தலாணில உப்பு கெடக்கு. இம்புட்டு உப்ப நான் பாத்ததே இல்ல. நான் தொடல. நீ வந்து சாப்பிடு.”

சண்முகவடிவு அன்றே கிளம்பி வந்தாள். உலகம்மாள் உப்பை ஊறுகாய் ஜாடியில் அள்ளி, துணியால் வாய்க்கட்டி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அக்கா குளித்து வருவதற்குள் சோறு குழைய வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, உப்பு மட்டும் போடாமல் வைத்திருந்தாள். ஆறுமுகநயினார் மர நாற்காலியில் உட்கார்ந்து, வந்திருக்கும் அம்மாள் யாரென்று தெரியாமல், வந்தவர்களுக்குக் காட்டுகிற சிரிப்பைக் காட்டினார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக மகளின் முகத்தைப் பார்த்து, “வாங்க, உக்காருங்க” என்றார். அவள் உட்கார்ந்தாள். உலகம்மாள் ஜாடியைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போடப் போனபோது சண்முகவடிவு கையை வைத்துத் தடுத்தாள்.

“வேண்டாம்ட்டி. இது சாம்பிள்.”

“என்னது?”

“ஆராய்ச்சிக்கு வேணும். வாயில வைக்கக் கூடாது.”

“ஊரே வாயில வைக்கி. ஒனக்கு மட்டும் என்ன?”

ஆய்வுக்கூடத்தில் எதையும் நாக்கில் வைக்காதே என்பது அவள் கற்றுக்கொண்ட முதல் பாடம், தன்னிடம் வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் சொன்ன முதல் பாடமும் அதுதான். நாங்கள் ஆசாரம் பார்ப்பதைக் கேலி செய்வாள், ஆனால் அவளுடைய ஆசாரம் எங்களுடையதைவிடக் கடுமை. எங்கள் உப்பு பூக்கத் தொடங்கியதிலிருந்து ஊருக்கு வந்தால் பாக்கெட் உப்பைக் கையோடு கொண்டுவந்து போட்டுச் சாப்பிட்டவள். அன்று அதுவும் கொண்டுவரவில்லை, தயிர்சாதத்தை உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்தாள். உலகம்மாள் ஜாடியை மட்டும் அக்கா பையில் பத்திரமாக வைத்து, சாயாமல் இருக்கச் சுற்றிலும் சேலையைத் திணித்தாள்.

பெங்களூரில் அவள் பாதியைத் தனக்கென்று எடுத்து வைத்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். மீதிப் பாதியை நீரில் கரைத்து, வடிகட்டி, சுழற்றி, இயந்திரத்துக்குள் அனுப்பினாள். சோடியம், குளோரைடு என்று வந்தது. கடையில் விற்கிற உப்பில் என்ன உண்டோ அதுதான் இதிலும், ஒரு துணுக்கு உயிர்ப்பொருள்கூட இல்லை. அளவு போதவில்லையோ என்று தோன்றியது. எடுத்து வைத்ததில் கொஞ்சம் எடுத்தாள். அதிலும் அதே பதில். இத்தனை தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஒரே ஒரு தடவை என்று இன்னும் கொஞ்சம் எடுத்தாள். இப்படித்தான் ஒரு மத்தியான வேளையில், வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, சகாக்கள் சாப்பிடப் போயிருக்க, ஆறுமுகநயினார் தன் மூத்த மகளைப் பஸ் ஏற்றிவிட்ட நாள் முழுவதும் குழாய் வழியாகக் கழிவுத்தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. காலி ஜாடியைப் பார்த்ததும்தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. விரலை விட்டு ஜாடியின் ஓரத்தைத் தடவி, பிள்ளைகள் யாரும் பார்க்காதபோது நாக்கில் வைத்தாள். ஊறுகாய் வாசம்தான் வந்தது.

அதே வருஷம் ஆறுமுகநயினார் போய்விட்டார்.

பிறகு அவள் பேய் பிடித்ததுபோல வேலை செய்தாள். எங்கள் ரத்தத்திலிருந்து கடைசியில் அந்த விதையைக் கண்டுபிடித்தும் விட்டாள், ஒரே ஒரு எழுத்து மாறிய ஜீன். அதற்கு இரண்டு எழுத்தும் ஒரு நம்பருமாகப் பெயர் வைத்தார்கள், கேட்டால் பஸ் ரூட் மாதிரி இருக்கும். டெல்லியில் சால்வை போட்டார்கள், வெளிநாட்டில் தங்க மெடல் கொடுத்தார்கள், எங்கள் பஸ் ஸ்டாண்டில் அவள் படத்தோடு பிளக்ஸ் வைத்தோம். யார் மறப்பார்கள் என்று அவளால் முன்கூட்டியே சொல்ல முடிந்தது. மறக்காமல் இருக்க வைக்க முடியவில்லை. அக்கா தங்கை இருவர் ரத்தத்தையும் பார்த்ததில் உலகம்மாளுக்கு அந்த எழுத்து சரியாக இருந்தது, சண்முகவடிவுக்குத்தான் மாறியிருந்தது. இதை யாரிடமும் சொல்லாமல் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் காட்சி என்று ஒன்றும் இல்லாதவள் வேறு எங்கே போவாள், வேலாண்டி காலமான பிறகு தனியாக இருந்த தங்கையின் வீட்டுக்கு வந்துசேர்ந்தாள்.

வந்த புதிதில் ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உலகம்மாளிடம் கேட்டாள்.

“ஏட்டி, அன்னைக்கு அந்த உப்ப ஜாடில அள்ளினியே, ஒரு கல்லாவது வாயில போட்டியா?”

“எந்த உப்பு?”

“அப்பா உப்பு. என் பஸ்.”

உலகம்மாள் தலை நிமிராமல், “ஒனக்குள்ளதுல்லா அது. நான் எப்படி எடுப்பேன்?” என்றாள்.

“கைல ஒட்டினதையாவது?”

“அதையும் ஜாடிலதான் தட்டினேன்.” உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, “சாப்பிட்டியாக்கா நீ? அப்பா என்ன நெனச்சாவ? நானே கேக்கணும்னு இருந்தேன்” என்றாள்.

சண்முகவடிவு வெங்காயத்தைக் காரணம் காட்டி எழுந்து போனாள். எங்களில் யாரும் அவள் அழுது பார்த்ததில்லை. அன்று பின்வாசலில் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அவளுடைய உப்பு பூக்கத் தொடங்கியபோது முதலில் போனது புழுக்கள், அப்புறம் மீன்கள், அப்புறம் இங்கிலீஷில் பாதி. உலகம்மாள் ஒரு மணியும் விடாமல் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் நின்று, புழுவுக்கு எப்போது வயதாகிறது, எலி தூங்கும்போது அதன் தலைக்குள் என்ன நடக்கிறது என்றெல்லாம் எங்களுக்குச் சொன்னாள். “அக்கா, இத்தன எலிய என்னத்துக்குக் கொன்ன?” என்று வீட்டில் கேட்டாள். எலியா, நானா, என்று சண்முகவடிவு பயந்துபோனாள். மெடலை எடுத்துக் காட்டினால், நல்லா இருக்கே, யாருது என்று கேட்டாள். இரண்டு எழுத்தும் நம்பருமான அந்தப் பெயரும் ஒரு காலையில் தலையணையில் வந்துவிட்டது, ஒரு சிட்டிகைக்குமேல் இல்லை.

பிறகு ஒருநாள் காலையில் உலகம்மாள் அக்காவை எழுப்பப் போனபோது தலையணைக் குழி நிறைந்து பாயெல்லாம் உப்பு சிதறியிருந்தது. அள்ளினாள், பாயை மடித்துத் தட்டி அள்ளினாள், தரையில் விழுந்ததை ஈர விரலால் ஒற்றி எடுத்தாள். இரண்டு தட்டில் தயிர்சாதம் பிசைந்து, அக்காவுக்குக் கடை உப்பும் தனக்கு அக்காவின் உப்பும் போட்டுக்கொண்டு, எதிரே உட்கார்ந்தாள். முதல் கவளத்தை விழுங்கிய உலகம்மாள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“அக்கா. பஸ்ஸுக்குள்ள இருக்கேன் நான். நீயா இருக்கேன்.”

“சாப்பிடு, ஆறிரும்” என்றாள் சண்முகவடிவு.

“டிரைவர் சீட்லதான் இருக்காரு. வண்டி உறுமிக்கிட்டு நிக்கி. எல்லா ஆளும் ஏறியாச்சு. நேரமும் ஆயிப்போச்சு. நீ வாச்சப் பாக்க, ஜன்னலப் பாக்க, திரும்பியும் வாச்சப் பாக்க. அப்பா முதுகக் காட்டிக்கிட்டு நிக்காவ. வலது கையத் தூக்குதாவ, எறக்குதாவ. தூக்குதாவ, எறக்குதாவ. அவாளால விசில வாயில வைக்க முடியலக்கா. கலெக்டருக்கே வண்டிய நிறுத்தாத மனுஷன், ஒன் வண்டிய அனுப்ப முடியாம நிக்காவ. தோளு குலுங்குது. நீ இதெல்லாம் பாத்திருக்க. பாத்துக்கிட்டேதான் இருந்திருக்க. ரயிலு போயிருமேன்னு மட்டும் நெனச்சிருக்க.”

உலகம்மாள் அக்காவின் கையைப் பிடித்து, “வெறுக்கலக்கா. அப்பா ஒன்ன வெறுக்கவே இல்ல” என்றாள். இத்தனை வருஷம் புழுவிலும் எலியிலும் எங்கள் ரத்தத்திலும் கழிவுத்தொட்டியிலும் இல்லாமல் போனது, சண்முகவடிவின் தலைக்குள்ளேயே பத்திரமாக இருந்திருக்கிறது.

சண்முகவடிவு கையில் கவளத்தோடு தங்கையை இரக்கத்தோடு பார்த்தாள்.

“எந்த பஸ்?” என்றாள்.

உலகம்மாள் சொன்னாள். ஒரு பெண் படிக்கப் போனாள், அப்பாக்காரர் அவளைப் பஸ் ஏற்றிவிட முடியாமல் நின்றார் என்று, யாரோ வீட்டுக் கதையைச் சொல்வதுபோல முதலிலிருந்து சொன்னாள். சண்முகவடிவு கவனமாகக் கேட்டாள். கேட்டு முடித்து, “பாவம் அந்த மனுஷன்” என்றாள். பிறகு, “அந்தப் பிள்ளைக்கு ரயில் கெடச்சுதா?” என்று கேட்டாள்.

“கெடச்சுட்டுக்கா.”

“போய்ச் சேந்துட்டேன்னு அப்பாக்கு ஒரு கடுதாசி போட்டாளா?”

அந்தக் கார்டும் உலகம்மாளின் நாக்கில்தான் இருந்தது, வாங்கியதும், போடாமல் வைத்ததும். அவள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“போட்டா” என்றாள். “அன்னைக்கே போட்டா.”

“அப்பம் சரி” என்று சொல்லிவிட்டு சண்முகவடிவு நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கினாள். உலகம்மாளும் சாப்பிட்டாள், சோறு தீர்ந்த பிறகும் தட்டில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வழித்து, கடைசி மணிவரை, ஒன்றும் மிச்சம் வைக்காமல்.